மூன்றாம் ஓலையும் என் பிடரியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடங்களைத் தள்ளிவிட்டேன். பேனாவை எடுப்பேன். ஆண்டவர் சந்நிதியில் நடந்ததைச் சிரிப்பாகச் சொல்வது தகுமா என்று ஒரு உறுத்தல் வரும். மூடி வைத்துவிடுவேன். மாமனார் இருந்தவரை அவர் மனசு நோகுமே என்று பயம். அவர் கர்த்தருக்குள் நித்திரையான பிறகு என் மனைவி மனசு நோகுமே என்று பயம். போன மாதம் அவளே, "எழுதித் தொலைங்க. ஆனா எங்கப்பாவைக் கெட்டவர்னு மட்டும் எழுதாதீங்க" என்று உத்தரவு கொடுத்துவிட்டாள். அவர் கெட்டவர் இல்லை. கையில் ஊக்கு வைத்திருந்த நல்லவர்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு என்னைக் கைவிட்டது, தாம்பரம் ரயில் ஷெட் கைதூக்கிவிட்டது. அறுபதுகளின் கடைசி அது. இரும்புலியூரில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவோம். சர்ச்சைத்தான் சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்கு அதுவும் கோயில்தான். அங்கே பாடகர் குழுவில் நான் டெனர், ஆண்களில் மேல்குரல். என் குரலைவிட என் உயரம் பார்த்துத்தான் சேர்த்தார்கள் என்று அம்மா சொல்வாள். பின்வரிசை காலியாகத் தெரிந்ததாம்.

அந்த வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு கடப்பேரி. பெண்ணின் அப்பா, தெற்கே ஒரு ஊரில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று, எங்கள் சபைக்குப் புதிதாக வந்தவர். அவர் டாக்டர் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. சம்பளப் பட்டியல் எழுதியவர். ஆனால் டாக்டர்கள் நோயாளியைச் சோதிப்பதை இருபது முப்பது வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, தானும் பாதி டாக்டர் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. இன்று தொழுநோய் என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்று வீட்டுக்கு வீடு பயந்த பெயர் குஷ்டம். அவர் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார். "அந்த வியாதி" என்பார். சொல்லாவிட்டாலும் எல்லார் மேலும் அதைத் தேடுவார்.

எதிரில் வருகிறவர் கும்பிட்டால் இவர் கண் முதலில் காது மடலுக்குப் போகும், தடித்திருக்கிறதா என்று. அப்புறம் புருவம், ஓரத்தில் உதிர்ந்திருக்கிறதா என்று. பிறகுதான் பதில் கும்பிடு. பெண் பார்க்கப் போனபோது நான் பெண்ணைப் பார்த்தேன், அவர் என் காதைப் பார்த்தார். பஜ்ஜித் தட்டை நீட்டுகிற சாக்கில் மடலை இரண்டு விரலால் உருட்டியும் பார்த்துவிட்டார். அதற்கு முன் வந்த ஒரு மாப்பிள்ளையைக் கன்னத்தில் தேமல் என்று தள்ளினார். இன்னொருவனை முழங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புக்காகத் தள்ளினார். அதனால் பெண்ணுக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் வந்து போன மாப்பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டது மட்டும் அப்பா. நான் பாஸ்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல நியாயமான காரணம் யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு நிமிஷம் மாப்பிள்ளை தான் செய்யாத தப்பையெல்லாம் எண்ணிப் பார்ப்பான். மூன்றாவது ஓலையும் தடையில்லாமல் போனால்தான் தாலி.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு எனக்குப் பிடரியில் லேசாக ஒரு நமைச்சல். சந்தோஷத்தில் உடம்பு கூசுகிறது என்று நினைத்தேன். திங்கட்கிழமை அது சந்தோஷம் இல்லை என்று தெரிந்தது. பிடரி முடி தொடங்கிச் சட்டைக் காலருக்குக் கீழே வரை சிவந்து, தடித்து, கடுகு கடுகாகக் கொப்புளம் கட்டி, சொறிந்தால் தண்ணீர் கசிந்தது. சித்திரை வெயில் வேறு.

நம் ஊரில் தோலுக்கு மட்டும் எல்லாருமே வைத்தியர்கள். வயிற்றுவலி என்றால் டாக்டரிடம் போ என்பான். தோலில் ஒரு புள்ளி தெரிந்தால் போகிறவனும் நின்று பெயர் வைப்பான். அம்மா வேர்க்குரு என்று நுங்குத் தண்ணீர் தடவினாள். பக்கத்து வீட்டு அக்கா படர்தாமரை என்று சொல்லி சீமையகத்தி இலையை அரைத்துக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமலே அப்பினாள். ஷெட்டில் என் கூட்டாளி சொன்னது காணாக்கடி. ராத்திரி என்னமோ கடித்திருக்கிறது, என்னவென்று தெரியாது, தெரிந்தால் அது காணாக்கடி இல்லை என்றான். மறுக்க முடியாத வாதம். கரப்பான் என்று ஒருவர் கத்திரிக்காயை நிறுத்தினார், அம்மா அதோடு கருவாட்டையும் சேர்த்து நிறுத்தினாள். அந்த வாரம் நான் ரசம் சாதத்தில் ஜீவித்தேன். வியாழன் வெள்ளியில் கொஞ்சம் அடங்கிற்று. ஒவ்வொரு வைத்தியரும் தன்னால்தான் என்றார்கள்.

இரண்டாவது ஓலை ஞாயிறுக்கு முந்தின நாள் முடி வெட்டிக்கொண்டேன். புது மாப்பிள்ளை என்று நாவிதர் பிடரியை வழவழவென்று வழித்துவிட்டார். அங்கேதான் வினை.

எங்கள் கோயில் சின்னது. பாடகர் குழு ஆண்களுக்குப் பீடத்தைப் பார்த்தபடி முதல் பெஞ்சு. அதற்கு நேர் பின்னால், அன்றைக்கு, என் வருங்கால மாமனார். பாதி ஆராதனையில் அவர் கண்ணில் என் பிடரி பட்டிருக்கிறது. அடுத்த பாட்டு முழுக்க அவர் பாடவே இல்லை என்று பின்னால் மனைவி சொன்னாள்.

பிறகு நீண்ட ஜெபம் வந்தது. எங்கள் போதகர் நல்ல மனுஷர். ஆனால் ஆண்டவருக்கு இந்தியா முழுக்க நடக்கிற செய்தியை அவர்தான் சொல்லியாக வேண்டும் என்று எண்ணம். மந்திரிமார், மழை, வியாதியஸ்தர், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பாடகர் குழு அசையக் கூடாது என்பது எங்கள் வாத்தியாருடைய சட்டம். குழுவை நடத்துகிறவரை வாத்தியார் என்போம். பல்லியே மேலே விழுந்தாலும் பல்லிதான் பயந்து ஓட வேண்டும், நீ அசையாதே என்பார். ஒரு தடவை தும்மியதற்கு ஒரு மாதம் தனிப் பாட்டு கிடையாது என்று எனக்குத் தண்டனை.

கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். போதகர் விவசாயிகளுக்கு வந்திருந்தார். சுரீர் என்று பிடரியில் ஒரு குத்து. கட்டெறும்பு என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். போதகர் ராணுவ வீரர்களுக்கு வந்தார். இரண்டாவது குத்து, கொஞ்சம் இடம் தள்ளி, கொஞ்சம் ஆழமாக. ராணுவ வீரர்களே தாங்கிக்கொள்கிறார்கள், நீ ஒரு எறும்பைத் தாங்க மாட்டாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது குத்தில் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அப்போதும் அசையவில்லை. ஆமென் சொன்னபோது என் குரல்தான் எல்லாரையும்விட உரக்க இருந்தது.

ஆராதனை முடிந்ததும் வாத்தியார் என் கன்னத்து ஈரத்தைப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டி, இன்றைக்குத்தான் நீ நிஜமாக ஜெபித்திருக்கிறாய் என்றார். அவர் அப்படிப் பாராட்டியது அதுவே முதலும் கடைசியும்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார், காப்பி வேண்டாம் என்றார். அம்மாவுக்கு அதுவே கலவரம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்குங்க. தம்பி பிடரியிலே அந்த வியாதி இருக்கு. மூணு வாட்டி ஊக்கால குத்திப் பார்த்துட்டேன். உணர்ச்சியே இல்லை."

அம்மாவுக்கு வியாதி காதில் விழவில்லை, ஊக்குதான் விழுந்தது. எங்கே வைத்துக் குத்தினீர்கள் என்று கேட்டாள். கோயிலில் என்றார். ஜெப நேரத்திலா என்றாள். அப்போதுதானே கண்ணை மூடியிருப்பார், நோயாளி பார்க்காதபோது குத்தினால்தானே சோதனை சரியாக இருக்கும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"தெரிஞ்சுது மாமா," என்றேன். "நல்லாவே தெரிஞ்சுது. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் அசையலை?"

"ஜெபம் நடந்துட்டிருந்துச்சே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். எல்லாரும் முதலில் இப்படித்தான் மறைப்பார்கள் என்றார். சரி, இப்போதே குத்திப் பாருங்கள் என்று சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். ஏற்கனவே குத்துப்பட்ட உடம்பு. அவர் ஊக்கைத் திறக்கிற சத்தம் கேட்டதுமே ஐயோ என்று கத்திவிட்டேன். அவர் இன்னும் தொடவே இல்லை. மறுபடியும் கண்ணை மூடினேன். பக்கத்தில் அம்மா மூச்சு விட்டாள், நான் துள்ளினேன். மாமனார் ஊக்கை மூடி வேட்டி முந்தியில் குத்திக்கொண்டார். நடிக்கிறேன் என்று தீர்மானமாகிவிட்டது.

எழுந்து போகும்போது சொல்லிவிட்டுப் போனார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும், கூடத் தானும் வருவார். தனக்கு மனசு தெளியாவிட்டால் மூன்றாவது ஓலையைப் படிக்க வேண்டாம் என்று போதகரிடம் தானே சொல்லிவிடுவார். வெளியே யாருக்கும் தெரியாது என்று சத்தியம் செய்தார். அந்த விஷயத்தில் கண்ணியமானவர்.

அவர் போன பிறகு அம்மா முழந்தாளிட்டாள். நானும் பக்கத்தில் முழந்தாளிட்டேன். எனக்கு வார்த்தை வரவில்லை. வந்ததெல்லாம் அரிப்புதான். ஜெபத்தின் நடுவே சொறிந்துகொண்டேன். வாத்தியார் பார்க்கவில்லை, ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மின்சார ரயிலில் போனோம். மாமனார் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தார், பக்கத்தில் இல்லை. பல்லாவரம் தாண்டும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக் காகிதத்தோடு நீட்டினார், கை படாமல். தன் பெண்ணுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்தான் அது என்று எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவர் மேல் கோபமாக இருக்க என்னால் முடியவில்லை, முயற்சி செய்தும்.

தோல் பிரிவில் பெஞ்சு நிறைய ஜனம். காலையிலிருந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெஞ்சில் படித்தது பள்ளிக்கூடப் பெஞ்சில் படித்ததைவிட அதிகம். நான் இதுவரை எல்லாவற்றுக்கும் படை என்ற ஒரே பெயரை வைத்திருந்தேன். நிஜமான படையை அங்கேதான் பார்த்தேன். ஒரு லாரி டிரைவர் இடுப்பில், ஓரம் மேடாகி வளையல் மாதிரி வட்டம், நடுவில் மட்டும் தோல் தெளிந்திருந்தது. தேமல் வந்த காலேஜ் பையன் ஒருவன் நகத்தால் சுரண்டிக் காட்டினான், தவிட்டுப்பொடி போல உதிர்ந்தது. ஒரு வீட்டு ஆட்கள் மொத்தமாக வந்திருந்தார்கள், எல்லாருக்கும் விரல் இடுக்கில் சிரங்கு, ராத்திரியானால் யாருக்கும் தூக்கமில்லையாம். அக்கி வந்த ஒரு பெரியவருக்கு விலாவில் ஒரு பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். முதுகெலும்பு எல்லைக்கல் போட்டது போல அங்கே நின்றுவிட்டது. ஆளுக்கு ஆள் காட்டிக்கொண்டார்கள். வேறெந்த வார்டிலும் இப்படி ஒரு தாராளம் பார்க்க முடியாது.

என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் எதையும் காட்டவில்லை. முழுக்கைச் சட்டை. என்ன தொந்தரவு என்று கேட்டேன். முழங்கைக்கு மேல் ஒரு வெளிறின இடம், உள்ளங்கை அகலம், அரிப்பும் இல்லை வலியும் இல்லை, அதனால் ஒரு வருடம் கண்டுகொள்ளவே இல்லை என்றார். போன வாரம் அடுப்பங்கரையில் கொதிக்கிற டபரா அந்த இடத்தில் பட்டிருக்கிறது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்ததாம். மாமனார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுத்தார். விரல்மேல் விரல் பட்டது, இவர் விலக்கிக்கொள்ளவில்லை. தன் சொந்தப் பெண்ணுக்கு வராதவரை அவருக்கு அந்த வியாதிமேல் பயமே கிடையாது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் என் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் தன் ஆஸ்பத்திரி அனுபவம், உணர்ச்சியின்மை, மூன்று குத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஊக்கையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் அதைத் தொடவில்லை. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்து, பிடரியில் தொட்ட போதெல்லாம் சொல் என்றார். தொட்ட போதெல்லாம் சொன்னேன். தொடாதபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். பஞ்சு என்பதால் பயமில்லை. அப்புறம் அரிக்கிறதா என்று கேட்டார். அரிக்க ஆரம்பித்தால் உயிர் போகிறது என்றேன்.

"அரிக்குதுன்னா சந்தோஷப்படு. அந்த வியாதி பொதுவா அரிக்காது, மரத்துத்தான் போகும். எந்தக் கிழமை ஜாஸ்தி?"

இப்படி ஒரு கேள்வியை அதுவரை எந்த வைத்தியரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். திங்கள், செவ்வாய்.

"வெள்ளிக்கிழமை?"

"கொஞ்சம் அடங்கிடும் சார்."

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவே?"

"கோயிலுக்குப் போவேன் சார்."

"அப்போ கோயில்தான் உனக்கு ஒத்துக்கலை," என்றார் டாக்டர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து என் பிடரியைப் பார்த்துக்கொண்டே, கோயிலில் கழுத்தில் என்ன போடுவாய் என்றார். பாடகர் குழு அங்கி என்றேன், ஈஸ்டருக்குப் புதிதாகத் தைத்தது, வெள்ளை. யார் வெளுக்கிறார்கள் என்றார். சலவைக்காரர். டாக்டர் ஒரு காகிதத்தில் பென்சிலால் ஏதோ வரைந்து எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு கூட்டல் குறி, கீழே ஒரு புள்ளி.

"சிவப்பெல்லாம் பரவியிருக்கு. நடுவுல கறுத்திருக்கிற இடம் மட்டும் இப்படி இருக்கு. துணியில குறி வைக்கிற சேங்கொட்டைப் பால். சிலருக்கு அது பட்டாலே தோல் வெந்துடும். அங்கியைப் புரட்டிப் பாருங்க."

பூசிக்கொள்ள ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்து எழுதிக் கொடுத்தார். மாமனாரிடம் ஊக்கை நகர்த்தி, இதை வேட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றார்.

எனக்கு அங்கேயே அல்லேலூயா சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் ரயில் கிண்டி தாண்டுவதற்குள் மாமனார் பழையபடி ஆகிவிட்டார். டாக்டர் சின்ன வயசு. அபூர்வமாக அரிப்பதும் உண்டு. அங்கிதான் காரணம் என்றால் மற்றப் பாடகர்களுக்கும் வந்திருக்க வேண்டுமே, அவர்கள் யாரும் சொறியவில்லையே என்றார். நியாயமான கேள்வி. வாத்தியாருடைய சட்டத்தில் யார்தான் சொறிவார்கள்?

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. விடிந்தால் மூன்றாவது ஓலை. மாமனார் கோயிலுக்கு வந்துவிட்டார், கூடவே அவருடைய மகளும் வந்து கதவோரம் நின்றாள். நிச்சயத்துக்குப் பிறகு அவளை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை, என் கழுத்தைத்தான் பார்த்தாள்.

நான் ஆண்கள் வரிசைக்கு முன்னால் நின்று, அண்ணன்மாரே, தயவு செய்து எல்லாரும் திரும்பிக் குனியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கல்யாணச் சந்தோஷத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். காரணத்தை மென்று முழுங்கிச் சொன்னேன். ஒருத்தரும் அசையவில்லை. பிறகு பேஸ் என்ற அடிக்குரலில் பாடுகிற அண்ணன், மூத்தவர், பெருமூச்சு விட்டுக்கொண்டு சட்டைக் காலரை இறக்கினார்.

பிடரி முழுக்கக் காவி. அக்கி என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் குயவரிடம் போய், ஊர் வழக்கப்படி காவிமண்ணால் அக்கி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அதுவும் சிங்கம் போட்டு. முழுக்கு ஞானஸ்நானம் வாங்கியவர், வீட்டுக்கு வீடு ஜெபக் கூட்டம் நடத்துகிறவர். வால் காலருக்குள் இறங்கியிருந்தது. அந்தச் சிங்கத்தின் வயிற்றில் ஒரு கூட்டல் குறி, கறுப்பாக. அடுத்தவர் கழுத்தில் பச்சை இலைப்பற்று. அதற்கடுத்தவர் மண்ணெண்ணெய் தடவியிருந்தார், வாசனையே சொன்னது. எல்லாரும் எல்லார் கழுத்தையும் பார்த்து, "உனக்குமாடா?" என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டு வாரமாகத் தோளோடு தோள் இடித்து நின்று பாடியவர்கள், அவனவன் வியாதியை அவனவன் அங்கிக்குள் மூடி வைத்துக்கொண்டு.

மாமனார் வரிசையில் மெதுவாக நடந்தார், ராணுவத்தில் அணிவகுப்பைப் பார்வையிடுகிற மாதிரி. கடைசியில் வாத்தியார். அவர் மட்டும் நிமிர்ந்தே நின்றார். பீடத்துக்கு முன்னால்தான் நான் குனிவேன், வேறு யாருக்கும் குனிய மாட்டேன் என்றார்.

கதவோரத்திலிருந்து அவள் குரல் வந்தது. "சார், பீடம் உங்களுக்கு முன்னாடிதானே இருக்கு."

வாத்தியார் குனிந்தார். பவுடர் அப்பியிருந்தது, திட்டுத் திட்டாக. மாமனார் உற்றுப் பார்த்தார். இத்தனை பேரைப் பார்த்தும் பழக்கம் விடவில்லை. வேட்டி முந்தியிலிருந்து ஊக்கு வெளியே வந்துவிட்டது. நான் தடுப்பதற்குள் ஒரே குத்து.

பல்லி விழுந்தாலும் அசையாத வாத்தியார், எங்கள் சொப்ரானோ பெண்கள் எட்ட முடியாத ஒரு ஸ்தாயியில் கத்திக்கொண்டு, முதல் பெஞ்சைத் தாண்டி நின்றார். மாமனார் முகத்தில் நான் அன்றுவரை பார்க்காத ஒரு நிம்மதி. உணர்ச்சி இருக்கிறது என்றார். அப்படியானால் மாப்பிள்ளைக்கும் இருந்திருக்கும் என்றார். அவள் நடந்து வந்து கையை நீட்டினாள்.

"அப்பா, அதை இப்படிக் குடுங்க."

கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சலவைக்காரர், ஞாயிற்றுக்கிழமைக்கு வெளுத்த அங்கி மூட்டையோடு வந்து சேர்ந்தார். எல்லாரும் அவர்மேல் பாய்ந்தார்கள். காலரைப் புரட்டினால், டாக்டர் பென்சிலில் போட்ட அதே குறி.

"புதுத் துணி சார், குறி போடாம எப்டி? ஒண்ணு மாறிப் போச்சுன்னா என் தலையிலதானே வெப்பீங்கோ. உங்க கோயில் துணியாச்சேன்னு சிலுவையாட்டம் போட்டேன். ஒரு வாட்டிகூட யாரும் சொல்லலியே, கழுத்தைக் காட்டினாதானே எனக்குத் தெரியும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று ராத்திரி எங்கள் அம்மாவும் சபைப் பெண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாக் காலருக்கும் உள்ளே கைக்குட்டை வைத்துத் தைத்தார்கள்.

மறுநாள் போதகர் மூன்றாவது ஓலையைப் படித்தார். தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டா என்று கண்ணாடிக்கு மேலே பார்த்தார். என் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். சபை முழுக்கத் திரும்பிற்று. நான் திரும்பவில்லை, பிடரி மட்டும் தானாகக் கூசியது.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு ஐயா. தீர்ந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என்ன சந்தேகம் என்று போதகர் கேட்கவில்லை. நேராக ஜெபத்துக்குப் போய்விட்டார், அதுவும் சுருக்கமாக. அடுத்த வாரம் கல்யாணம். போட்டோவில் என் காலருக்கு மேல் ஒரு விரல் அகலத்துக்கு ரோஸ் மருந்து தெரியும் என்று மனைவி சொல்வாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது எப்படித் தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது வேறொரு காரணத்தால். சில வருடம் முன்பு வெளியூரில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். மேடையில் ஒரு பிரசங்கியார், முன்பின் பார்த்திராதவர், ஒரு சாட்சி சொன்னார். தாம்பரத்தில் ஒரு வாலிபனுக்குக் குஷ்டமாம். கல்யாணம் நிற்கிற நிலையாம். சபை உபவாசமிருந்து ஜெபித்ததாம். விவாகத்துக்கு முந்தின இரவு அவன் பிடரியில் சிலுவை அடையாளம் தோன்றி, விடிவதற்குள் தோல் சிறுபிள்ளைத் தோலைப்போல ஆகிவிட்டதாம். பந்தல் முழுக்க அல்லேலூயா என்றது. பழக்க தோஷத்தில் நானும் அல்லேலூயா என்றேன். மனைவி என் விலாவில் இடித்த பிறகுதான் அந்த வாலிபன் நான் என்று உறைத்தது.

வீட்டுக்கு வரும்வரை சிரித்தோம். படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தப் பந்தலில் எத்தனை பேர் சட்டைக் கைக்குள்ளும் முதுகிலும் அரிக்காத, வலிக்காத ஒரு வெளிறின இடத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள். இன்று அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, காலத்தில் போனால் விரல் மடங்காது, கண் கெடாது. சிலுவை தோன்றும் என்று அவர்கள் காத்திருந்தால் அந்தப் பாவம் யாருக்கு? ஆண்டவர் என்னைச் சுகமாக்கினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு டாக்டருக்கு, எந்தக் கிழமை அரிக்கிறது என்று கேட்கத் தோன்ற வைத்தாரே, அது அவருடைய கிருபைதான். அதற்குமேல் அவர் பேரால் ஒரு பொய்யை என் பிடரி சுமப்பது அவருக்குத் தேவையில்லை.

ஆகவே இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளே, யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். அங்கியை விடாமல் சொல்லுங்கள், சேங்கொட்டையைச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியைக் கட்டாயம் சொல்லுங்கள். ஊக்கை ஈட்டியாக்க வேண்டாம். என் மாமனாரைக் கொடுமைக்காரராக்க வேண்டாம், அது மனைவியின் நிபந்தனை. என்னைக் குஷ்டரோகியாகவும் ஆக்க வேண்டாம், பரிசுத்தவானாகவும் ஆக்க வேண்டாம். எனக்கு வெறும் அரிப்புதான் வந்தது.